பால் கொடுப்பவள் பாடக் கூடாதா?

சீர்காழிக் கோயில் குளக்கரையில் மூன்று வயதுக் குழந்தையொன்று அழுததாம். பார்வதி அம்மையார் தமது முலைப்பாலைப் பொற்கிண்ணத்தில் கறந்து அதற்கு ஊட்டினாராம். உடனே அந்தக் குழந்தை பதிகம் பாட ஆரம்பித்துவிட்டதாம். இதற்காகச் சீர்காழியில் வருஷந்தோறும் சித்திரை மாதத்தில் திருமுலைப்பால் உற்சவம் என்று ஒன்று நடக்கின்றது. தாய்மார்களும் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கும்பிட்டுவிட்டு வருகின்றார்கள்.

இக்கதை நடந்ததா, நடக்கக் கூடியதுதானா என்கின்ற விசாரணையில் நாம் இன்று இறங்கப் போவதில்லை. முழுதும் நடந்ததாகவே வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்கின்றோம். பாலைக் குடித்தவர் பாடினார் என்கின்றீர்கள், சரி. பாலைக் கொடுத்தவர் என்ன பாடினார்? ஒரு கிண்ணம் பால் குடித்தவருக்கே அவ்வளவு தமிழ் பிறந்துவிட்டதென்றால், அந்தப் பாலுக்கே ஊற்றாயிருந்தவருக்கு எவ்வளவு தமிழ் பிறந்திருக்க வேண்டும்? அந்தக் கதையில் அவர் வாயிலிருந்து ஒரு பதிகமாவது, ஒரு பாட்டாவது, ஒரு வரியாவது வருகின்றதா? வரவில்லை. பால் கொடுப்பது பெண்ணுக்கு ஏற்பட்ட வேலை, பாடுவது ஆணுக்கு ஏற்பட்ட வேலை என்று முடிவு செய்துகொண்ட பிறகுதான் கதை கட்டியவன் கதையைக் கட்டவே ஆரம்பித்திருக்கின்றான்.

இந்த ஒரு கதை மாத்திரமல்ல. பிள்ளைத்தமிழ் என்று ஒருவகைப் பிரபந்தம் இருக்கின்றது. அதில் தாலப் பருவம் என்பது தொட்டிலாட்டிப் பாடுவதாகும். மதுரை மீனாட்சியம்மை பேரில் அதைப் பாடியவர் குமரகுருபரர். அவரோ ஒரு துறவி. கண்ணனைப் பால் குடிக்க வாவென்று யசோதையின் வாயாகப் பாடியவர் பெரியாழ்வார். அவருக்குக் கிடைத்த பெண் குழந்தையோ துளசி வனத்தில் கண்டெடுத்ததென்று அவர்களே சொல்லுகின்றார்கள். ஒரு நாளாவது பால் கட்டிக்கொண்டு மார்பு வலித்தறியாதவர்கள் பெயரெல்லாம் ஏட்டில் நின்றுவிட்டது. இரவெல்லாம் ஏணையை ஆட்டிக்கொண்டு, தானே சொல்லெடுத்துத் தானே மெட்டுக் கட்டிப் பாடிய லட்சக்கணக்கான தாய்மார்களின் தாலாட்டுக்கு மாத்திரம் "நாட்டுப் பாடல், ஆசிரியர் பெயர் தெரியாது" என்று போட்டு முடித்துவிட்டார்கள்.

பெயர் பெற்ற பெண்பாற் புலவர்களே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஔவையார் என்ன ஆனார்? கல்யாணத்துக்குப் பயந்து பிள்ளையாரை வேண்டிக் கிழவியாகிவிட்டார் என்கின்றார்கள். காரைக்கால் அம்மையார் என்ன ஆனார்? உடம்பின் சதையை உதறிவிட்டுப் பேயுருக் கொண்டார் என்கின்றார்கள். ஆண்டாள் என்ன ஆனார்? மனிதனுக்கு வாழ்க்கைப்பட மாட்டேனென்று ரங்கநாதரோடு கலந்துவிட்டார் என்கின்றார்கள். ஆகவே நம் பக்தர்கள் கணக்குப்படி, ஒரு பெண் பாடவேண்டுமானால் கிழவியாக வேண்டும். அல்லது பேயாக வேண்டும். அல்லது சாமிக்குப் பெண்டாட்டியாக வேண்டும். மார்பில் பிள்ளையும் கையில் ஏடுமாக ஒருத்தியைக் கற்பனை செய்து பார்க்கக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. சங்க காலத்தில் பெண்பாற் புலவர்கள் பலர் இருந்தார்களே என்றால், அவர்கள் பாட்டுத்தான் இருக்கின்றதே ஒழிய, அவர்களில் எவர் பிள்ளைக்காரி, பிள்ளையை யாரிடம் கொடுத்துவிட்டுப் பாடினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

இது நிற்க. பழைய கதையை விட்டு இன்றைய வீட்டுக்கு வருவோம்.

இதை எழுதுகின்ற நான் ஐந்து மாதக் கைக்குழந்தையின் தாய். குழந்தை பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாலிருந்தே கதையும் கட்டுரையும் எழுதி வருகின்றவள். பிரசவமாகிப் பதினைந்தாம் நாள், குழந்தை தூங்கும்போது ஒரு பென்சிலையும் காகிதத்தையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்திருந்த பெரியவர்கள் பதறிவிட்டார்கள். "பச்சை உடம்புக்காரி எழுதினால் கண் போய்விடும்" என்றார் ஒருவர். "படித்தால் பால் வற்றும்" என்றார் இன்னொருவர். "மூளைச் சூடு மார்பில் இறங்கிப் பால் திரிந்து போகும்" என்றார் மூன்றாமவர். நான் பென்சிலைக் கீழே வைத்தேன். முப்பதாம் நாள் அதே நான் கிணற்றடியில் உட்கார்ந்து ஒரு கூடைத் துணி துவைத்தேன். அப்போது உடம்பு பச்சையாக இருக்கின்றதென்று ஒருவரும் சொல்லவில்லை. நாற்பதாம் நாள் பன்னிரண்டு பேருக்குச் சமைத்தேன். அடுப்புச் சூடு மார்பில் இறங்கிப் பால் திரியுமென்று ஒருவரும் சொல்லவில்லை. துணி துவைத்தால் வற்றாத பால் துணுக்கு எழுதினால் மாத்திரம் வற்றிப் போகுமா? எந்த வைத்தியன் சொன்னான் இதை?

வைத்தியர்கள் சொல்லியிருப்பது வேறு. குழந்தை மார்பைச் சப்பும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகின்றது. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி என்னும் சுரப்பியிலிருந்து இரண்டு விதச் சுரப்பு நீர் இரத்தத்தில் கலக்கின்றது. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குகின்றது. ஆக்ஸிடோசின் என்பது உண்டான பாலைக் காம்புக்குத் தள்ளுகின்றது. எவ்வளவு பால் வெளியேறுகின்றதோ அவ்வளவுக்கு மறுபடி ஊறுகின்றது. இறைத்த கிணறு ஊறும் என்று நம் கிராமத்தார் சொல்லுவது இதற்கும் பொருந்தும். இதில் பேனாவுக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் ஒன்று இருக்கின்றது. வலியும், பயமும், மனக்கவலையும் அந்த ஆக்ஸிடோசினைத் தடுத்துப் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் அதே வைத்தியர்கள்தான் சொல்லுகின்றார்கள். அப்படியானால் பாலுக்கு இடைஞ்சல் எழுத்தா? அல்லது எழுத உட்கார்ந்தவளை நாலு பேர் சூழ்ந்துகொண்டு வைத வசவா? அறிவுள்ளவர்களே சொல்லட்டும்.

மூடநம்பிக்கைக்காரர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். பத்து வருஷமாய் என் எழுத்தைப் போட்டு வந்த ஒரு பத்திரிகாசிரியருக்கு, குழந்தைக்கு மூன்று மாதமான சமயம் ஒரு கதை அனுப்பினேன். கதையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், "குழந்தையை நன்றாகக் கவனியுங்கள், எழுத்து எங்கே ஓடிப் போகின்றது?" என்று பதில் வந்தது. அதே மாதத்தில் அவருக்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் பத்திரிகையை நிறுத்திவிட்டாரா? "பத்திரிகை எங்கே ஓடிப் போகின்றது?" என்று அவருக்கு யாராவது எழுதினார்களா? மற்றொரு நாள் பெண் விடுதலையைப் பற்றிய கூட்டமொன்றுக்குப் பேசப் போயிருந்தேன். குழந்தை சிணுங்கியது, மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பால் கொடுத்தேன். கூட்டம் நடத்தினவர் ஒரு துண்டுச் சீட்டில், "அம்மா, வெளியே போய்க் கொடுத்தால் நலம்" என்று எழுதி அனுப்பினார். பெண் விடுதலை உள்ளே நடந்துகொண்டிருந்தது. பெண் வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

இனிக் கணக்குக்கு வருவோம். பகுத்தறிவுக்காரர்களுக்குக் கணக்கைவிட நல்ல சாட்சி வேறில்லை.

பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கின்றது. நடுவில் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 25 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக ஒரு நாளைக்கு 250 நிமிஷம்; அதாவது 4 மணி 10 நிமிஷம். முதல் மூன்று மாதத்துக்குக் கூட்டினால் 375 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 47 நாள். இது சாமானிய வேலையல்ல. இதற்குக் கூலி கொடுத்தவர்களும் இல்லை. இதை ஒரு வேலையென்று ஒப்புக்கொண்டவர்களும் இல்லை.

ஆனால் அதே கணக்கை மறுபக்கமும் பாருங்கள். நாளொன்றுக்கு 24 மணி நேரத்தில் பாலுக்கு 4 மணி 10 நிமிஷம் போனால் மிச்சம் 19 மணி 50 நிமிஷம். துண்டு துண்டாகவேனும் தூக்கத்துக்கு 7 மணி நேரம் தள்ளுங்கள். பிறகும் 12 மணி 50 நிமிஷம் இருக்கின்றது. அது எங்கே போகின்றது? குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்வது, மூத்திரத் துணி மாற்றுவது, மாற்றிய துணியைத் துவைப்பது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது, எழுந்தால் வேடிக்கை காட்டுவது, வீடு கூட்டுவது, சோறாக்குவது, குழந்தை பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி போடுவது, புருஷனுக்குச் சட்டை எடுத்து வைப்பது. இதற்கெல்லாம்தான் போகின்றது.

தோழர்களே! இப்பட்டியலில் எந்த வேலைக்கு முலை வேண்டும்? எந்த வேலைக்குக் கர்ப்பப்பை வேண்டும்? மூத்திரத் துணி பிழிய இயற்கை பெண்ணுக்கென்று தனிக்கை ஏதாவது படைத்திருக்கின்றதா? ஏப்பம் விடச் செய்ய ஆணுக்குத் தோள் இல்லையா? பெண்ணால் மாத்திரமே ஆகக்கூடியது பால் ஒன்றுதான். அந்த ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தி, அதோடு சம்பந்தமில்லாத பத்து வேலைகளையும் அவள் தலையில் கட்டிவிட்டு, "பால் கொடுக்கின்றவளுக்கு எழுத நேரமேது?" என்று கேட்பதைவிடப் பெரிய பித்தலாட்டம் உலகத்தில் உண்டா? பெண்ணின் எழுத்தைத் தின்றது பால் அல்ல; பாலின் பேரால் அவள்மேல் ஏற்றப்பட்ட மற்ற சுமைதான். இதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது. மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, "தாய்மையே மகத்தான படைப்பு, அதற்குமேல் கதை கவிதை என்று வேறு படைப்பு எதற்கு?" என்பது. இது கேட்க இனிப்பாக இருக்கின்றது. தேவடியாள் என்று வைவது ஒருவிதம். தெய்வம் என்று வாழ்த்துவது ஒருவிதம். இரண்டும் பெண்ணை மனுஷியென்று ஒப்புக்கொள்ளாமலிருக்கச் செய்யும் தந்திரமே. தாய்மை அவ்வளவு மகத்தானதென்று நிஜமாகவே நம்புகின்ற ஆண், அந்த மகத்துவத்தில் பாதியையாவது, துணி துவைக்கும் பாதியையாவது, தனக்கு வேண்டுமென்று கேட்டிருக்க வேண்டுமல்லவா? ஏன் கேட்பதில்லை?

இரண்டாவது, "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? பிள்ளை வளர்ந்த பிறகு எழுதட்டுமே" என்பது. வங்காளத்தில் ராஸ்சுந்தரி தேவி என்று ஒரு அம்மையார் இருந்தார். பன்னிரண்டு பிள்ளை பெற்றவர். பெண் படித்தால் கேடு வருமென்று நம்பிய காலம். அவர் புருஷனுடைய புத்தகத்திலிருந்து ஒரு ஏட்டை உருவி அடுப்படியில் ஒளித்து வைத்துக்கொண்டு, பிள்ளை எழுதிப் பழகிய எழுத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தானே படிக்கக் கற்றுக்கொண்டார். அவர் எழுதிய "ஆமார் ஜீபன்" என்னும் சொந்த வாழ்க்கைச் சரித்திரம் 1876-ம் வருஷத்தில் அச்சேறியபோது அவர் அறுபது வயதைத் தாண்டிவிட்டார். பொறுத்துக்கொள் என்பதன் அர்த்தம் இதுதான். பன்னிரண்டு பிள்ளை பெற்றபின் ஒரு புத்தகம். அந்தப் புத்தகத்தைப் பாராட்டுகின்றவர்கள், வராமற்போன மற்றப் புத்தகங்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டாமா? அவ்வளவு தூரம் போவானேன்? நம் துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மா குடும்பத்தாருக்குத் தெரியாமல் இரவில் கழிப்பறைக்குள் நின்று கவிதை எழுதியவர். இது நூறு வருஷத்துக்கு முந்திய கதையல்ல. இன்று நம்மோடு இருக்கின்றவர் கதை.

இதற்கு மாறாக ஒரு உதாரணமும் சொல்லுகின்றேன். வை. மு. கோதைநாயகி அம்மாளுக்கும் நமக்கும் கொள்கையில் வெகுதூரம். ஆனால் உண்மையை மறைப்பது நம் வழக்கமல்ல. தமிழ் எழுதச் சரியாக வராத நிலையில், தம் முதல் நூலைச் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதிக்கொண்டார். 1925-ம் வருஷத்தில் "ஜகன்மோகினி" பத்திரிகையை ஏற்று நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். ஒரு பிள்ளையும் பெற்று வளர்த்தார். எப்படி முடிந்தது? புருஷன் பத்திரிகை வேலையில் கூட நின்றார், மாமியார் தடுக்கவில்லை. வீடு கைகொடுத்தால் 115 நாவல். வீடு கைவிட்டால் கழிப்பறையில் கவிதை. இரண்டு பெண்களுக்கும் அறிவில் வித்தியாசமா, அல்லது வீட்டில் வித்தியாசமா?

மூன்றாவது, "அவ்வளவு எழுத்து ஆசையிருந்தால் டப்பாப் பால் கொடுத்துவிட்டுப் போவதுதானே" என்பது. இப்படிச் சொல்லுகின்றவர்களும் டப்பாக் கம்பெனிக்காரனும் ஒரே கட்சி. உலக சுகாதார ஸ்தாபனம் முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரமே போதுமென்றும், பிறகு மற்ற ஆகாரத்தோடு இரண்டு வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாமென்றும் சொல்லியிருக்கின்றது. சுத்தமான தண்ணீருக்கு வழியில்லாத வீட்டில் புட்டிப்பால் குழந்தைக்குப் பேதியைக் கொண்டுவரும். இதனால்தான் 1981-ம் வருஷத்தில் உலக நாடுகள் சேர்ந்து டப்பாப் பால் விற்பனைக்கு ஒரு கட்டுப்பாடு செய்தன. நம் நாட்டிலும் 1992-ம் வருஷச் சட்டம் அதன் விளம்பரத்தையே தடுத்தது. பால் சுரக்காத தாயையோ, நோயினால் கொடுக்க முடியாத தாயையோ யாரும் குறை சொல்ல நியாயமில்லை. அவரவர் உடம்பு, அவரவர் முடிவு. ஆனால் கொடுக்க ஆசையும் இருந்து எழுத ஆசையும் இருக்கின்றவளைப் பார்த்து, "இரண்டில் ஒன்றை விடு" என்று கட்டாயப்படுத்த நீங்கள் யார்? ஆணைப் பார்த்து "தகப்பனாக இருக்கின்றாயா, எழுத்தாளனாக இருக்கின்றாயா, ஒன்றைச் சொல்" என்று யாராவது கேட்டதுண்டா?

பாலைக் கறந்து வைத்துவிட்டுப் போகலாமே என்றால், அதற்கும் முகத்தைச் சுளிக்கின்றார்கள். பார்வதி கிண்ணத்தில் கறந்தால் புராணம். பாமா கிண்ணத்தில் கறந்தால் பாவமா? சுத்தமான பாத்திரத்தில் கறந்த பாலைக் குளிர்பெட்டியில் நான்கு நாள் வரை வைக்கலாமென்றும், வெளியில் வைத்தால் 25 பாகைச் சூட்டுக்குள் நான்கு மணி நேரம் தாங்குமென்றும் வைத்தியர்கள் சொல்லுகின்றார்கள். நம் ஊர் வெயிலுக்கு அதைவிடச் சீக்கிரமாகவே கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதற்கு நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இருக்கின்றது. அந்தப் பாலாடையைப் பிடிக்கத் தகப்பன் கையே போதும்.

நான்காவது, "ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாமே" என்பது. பாரீஸ் நகரத்தில் பெர்த் மோரிசோ என்ற பெரிய சித்திரக்காரி இருந்தார். 1878-ம் வருஷத்தில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பால் கொடுக்க ஏஞ்சல் என்று ஒரு செவிலியை அமர்த்தினார்கள். செவிலி தம் குழந்தைக்குப் பால் கொடுப்பதையே 1880-ம் வருஷ வாக்கில் மோரிசோ சித்திரமாகத் தீட்டினார். ஒரு பெண் தூரிகை பிடிக்கின்றாள். இன்னொரு பெண் முலை கொடுக்கின்றாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்கின்றார்கள். நல்ல சித்திரந்தான். ஆனால் அக்காலத்தில் அந்த நாட்டுச் செவிலிகள் சொந்தக் குழந்தையைக் கிராமத்தில் விட்டுவிட்டு நகரத்துக்குப் பால் விற்க வந்தது சர்வ சாதாரணம். அந்தக் குழந்தைகளுக்கு யார் பால் கொடுத்தார்கள்? அவற்றைச் சித்திரமெழுத யார் இருந்தார்கள்? பணக்கார வீட்டுப் பெண்ணின் விடுதலையை ஏழை வீட்டுப் பெண்ணின் பாலால் வாங்குவது விடுதலையாகாது. அது சுமையை ஒரு தலையிலிருந்து இறக்கி இளைத்தவள் தலையில் ஏற்றுவதேயாகும். அந்த வீட்டில் புருஷன் என்று ஒருவர் இருந்தாரே, அவர் தலைக்கு ஏன் ஒன்றும் வரவில்லை என்பதே நாம் கேட்பது.

எழுத்து, சித்திரம் என்றவுடன் இது ஏதோ படித்த பட்டணத்து அம்மாள்களின் கவலையென்று கிராமத்துத் தோழர்கள் நினைக்க வேண்டாம். வரப்போரத்து மரத்தில் ஏணை கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு நடவுப் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பவள் யார்? கூடை முடைபவள், பாய் பின்னுபவள், பானை வனைபவள் யார்? கூத்துக்கும் கரகத்துக்கும் போகின்ற பெண் யார்? இவர்கள் கையிலும் ஒரு கலை இருக்கின்றது. மார்பிலும் ஒரு பிள்ளை இருக்கின்றது. ஏணையில் பிள்ளை அழுது நீலம் பாரித்தாலும், பண்ணைக்காரன் நேரம் பார்த்துத்தான் கரையேற விட்டான். அவளுக்கு எழுத்து இல்லாததால் அவள் குறையை அவள் எழுதி வைக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் என்ன செய்திருக்கின்றது என்று பார்ப்போம். 1961-ம் வருஷத்து மகப்பேறு நலச் சட்டம் 2017-ல் திருத்தப்பட்டு, முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுமுறை என்றாயிற்று. ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யுமிடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை அங்கே போய்வரலாம். குழந்தைக்குப் பதினைந்து மாதமாகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு. 2020-ம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இடம் பெற்றிருக்கின்றன. தமிழ்நாட்டு அரசாங்க வேலையிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் 12 மாதம். 2015-ல் நம் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகளும் திறக்கப்பட்டன. இவையெல்லாம் வரவேற்கத் தக்கவையே. ஆனால் முதலாளியில்லாத வேலைக்காரிக்கு, அதாவது எழுதுகின்றவளுக்கும், பாடுகின்றவளுக்கும், கூடை முடைகின்றவளுக்கும், அன்றாடக் கூலிக்காரிக்கும் இந்த 26 வாரத்தை யார் கொடுப்பார்கள்? பேருந்து நிலையத்தில் அறை கட்டத் தெரிந்த ஊரில், எத்தனை நூலகத்தில், எத்தனை அச்சகத்தில், எத்தனை கூட்ட மண்டபத்தில் ஒரு தொட்டில் தொங்குகின்றது?

அன்றியும் இன்னொன்றைக் கவனியுங்கள். மத்திய அரசாங்க வேலையிலுள்ள தாய்க்கு 180 நாள் விடுமுறை. தகப்பனுக்கு 15 நாள். பிரசவித்த உடம்பு தேறவும் பால் கொடுக்கவும் தாய்க்கு அதிக நாள் வேண்டியது நியாயந்தான். ஆனால் பதினைந்து நாள் என்பது பேர் வைத்துச் சர்க்கரை வழங்கத்தான் காணும். குழந்தை வளர்ப்பது பெண்ணின் வேலை என்று மனுதர்மம் சொன்னதையே சர்க்கார் விதி மரியாதையான பாஷையில் சொல்லுகின்றதா இல்லையா?

கடைசியாக நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கர்ப்பத்தடையைப் பற்றிப் பேசவே நாடு கூசிய 1930-களிலேயே, பெண் விரும்பாமல் பிள்ளை பெறக் கூடாதென்று ஈ.வெ.ரா. அவர்கள் துணிந்து எழுதினார்கள். அது பெண்ணின் பாதி வழக்கு. விரும்பிப் பிள்ளை பெற்றவளும் தன் அறிவையும் கலையையும் அடகு வைக்கக் கூடாதென்பது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதி மேடையில் தீராது, அடுப்படியில்தான் தீரவேண்டும்.

என் துணைவரும் இயக்கத்தவர்தான். குழந்தையை அரைமணி நேரம் தூக்கி வைத்திருந்ததற்காகத் தெருவே அவரைப் புகழ்ந்தது. அவரும் வெட்கமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் இரவு மேலே சொன்ன கணக்கைக் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை, விடிந்ததும் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். இப்போது விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கொடுத்தவுடன் குழந்தை அவர் தோளுக்குப் போய்விடுகின்றது. ஏழு மணிவரை கதவு சாத்தியிருக்கின்றது. உள்ளே நானும் காகிதமும். "ஆம்பிளை மூத்திரத் துணி பிழிவதா?" என்று எதிர்வீட்டார் சிரித்தார்கள். முதல் வாரம் அவர் முகம் சுண்டிப்போனது உண்மை. இரண்டாவது வாரம், "ஏன், உங்கள் வீட்டுப் பிள்ளை மூத்திரம் பெய்வதில்லையா?" என்று திருப்பிக் கேட்டார். பால் வற்றவில்லை, என் கண்ணும் போகவில்லை, குழந்தை எடை ஏறியிருக்கின்றது. இந்தக் கட்டுரையும் அப்படி ஒன்பது விடியற்காலையில் எழுதப்பட்டதே.

ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல, கணக்குத் தீர்ப்பது. ஒவ்வொரு வீட்டிலும் பால் ஒழிந்த மற்ற வேலை பாதிப்பாதியாகட்டும். பிள்ளைக்காரிக்கு நாள் ஒன்றுக்கு இரண்டு மணி நேரமாவது கதவு சாத்திக்கொள்ளும் உரிமை வேண்டும். அந்த நேரத்தில் அவள் எழுதினாலும் சரி, பாடினாலும் சரி, சும்மா தூங்கினாலும் சரி, யாரும் கேட்கக் கூடாது. நம் கூட்டங்களில் ஒலிபெருக்கி கட்டுவதற்கு முன்னால் ஒரு தொட்டில் கட்டுங்கள். குழந்தை அழுதால் தாயை வெளியே அனுப்பாதீர்கள்; அழுகைக்குப் பேச்சு கெட்டுப்போகுமென்றால் அந்தப் பேச்சு கெட்டுப்போகட்டும்.

நாளை காலையில் உங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு கூடை துணி கிடக்கும். அதைத் தொட முலை வேண்டியதில்லை. கொஞ்சம் மானமும் இரண்டு கையும் இருந்தால் போதும்.